நான்கு லெங்த் நீச்சல், இரண்டு இஎம்ஐ

கேள்வி: வயது 34. சோழிங்கநல்லூரில் ஐடி வேலை, கைக்கு வரும் சம்பளம் 92,000. மனைவி, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள். எட்டு மாதத்துக்கு முன் என் மச்சான் (மனைவியின் அண்ணன்) சொல்லி டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டி) பயிற்சி ஆரம்பித்தேன். கார்பன் ரோடு பைக் 2,10,000, நோ-காஸ்ட் (வட்டியில்லா) இஎம்ஐ 18 மாதம். ஜிபிஎஸ் வாட்சும் வீட்டுக்குள் ஓட்டும் ட்ரெயினரும் சேர்த்து 68,000, 12 மாதம். இரண்டும் கிரெடிட் கார்டில். அது போகக் கார்டில் 1,10,000 பாக்கி, மாதாமாதம் மினிமம் டியூ (பில்லில் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) தவறாமல் கட்டுகிறேன். மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 5,000 எஸ்ஐபி, இரண்டரை வருஷமாக நிறுத்தியதே இல்லை, இன்றைய மதிப்பு 1,78,000. கோவா 70.3 போட்டிக்கு (அயர்ன்மேன் எனும் நீண்ட தூர டிரையத்லானில் பாதித் தூரம்) போக ஆசை, எல்லாம் சேர்த்து 75,000 ஆகும். மனைவியின் ஐந்து பவுன் சங்கிலியை அடகு வைக்கலாமா? மச்சான் தன் பழைய டைம் டிரையல் பைக்கை 1,60,000க்குத் தருகிறேன், மெதுவாகத் தவணையில் கொடு என்கிறார். நீச்சல் இப்போதைக்கு நான்கு லெங்த் (குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு லெங்த்). என்ன செய்வது?

பதில்: நண்பரே, உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது சங்கிலியும் இல்லை, கோவாவும் இல்லை. "மினிமம் டியூ தவறாமல் கட்டுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். ஏதோ நல்ல பழக்கம் மாதிரிச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஓட்டை விழுந்திருப்பதே அந்த இடத்தில்தான்.

நீங்கள் இணைத்திருந்த ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொள்வோம். வட்டி 3,850, அதன் மேல் ஜிஎஸ்டி 693, ஆக 4,543. மினிமம் டியூ 22,834 என்று இருக்கிறது. அதில் இரண்டு இஎம்ஐ மட்டும் 17,334, மீதி 5,500தான் பழைய பாக்கிக்குப் போகிறது. அந்த 5,500லும் 4,543 வட்டிக்கும் வரிக்கும் போய்விட, அசல் குறைவது 957 ரூபாய். ஒரு ஜோடி சைக்கிள் டியூப் வாங்கலாம், அவ்வளவுதான். மாதம் 3.5 சதவீதம் என்று கேட்டால் சின்ன எண்ணாகத்தான் தெரியும். ஜிஎஸ்டி சேர்த்தால் 4.13, வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 50 சதவீதம். கந்துவட்டி என்றால் பதறுவோம், இது ஆப்பில் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போவதால் பதறுவதில்லை.

சரி, அந்த 5,500 எங்கிருந்து வருகிறது? வாடகை 22,000, பள்ளிக்கட்டணமும் வீட்டுச் செலவும் 34,000, ஊரில் அம்மாவுக்கு 5,000, இஎம்ஐ 17,334, எஸ்ஐபி 5,000, ஆன்லைன் கோச்சுக்கு 6,000, நீச்சல் குளத்துக்கு 2,500. கூட்டிப் பாருங்கள், 91,834. உங்கள் கையில் நிற்பது 166 ரூபாய். ஆக, மளிகையைக் கார்டில் தேய்த்துவிட்டு, மளிகைக்கு வைத்திருந்த ரொக்கத்தை மினிமம் டியூவாகக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இதில் பலருக்கும் தெரியாத ஒரு வலி உண்டு. பில்லை முழுசாகக் கட்டாதவருக்குப் புதுச் செலவில் 45 நாள், 50 நாள் வட்டியில்லாச் சலுகை கிடையாது, வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். நீங்கள் சாப்பிடும் துவரம்பருப்புக்கும் மாதம் 4.13 சதவீதம். ஏழு மாதத்துக்கு முன் 75,000 ஆக இருந்த பாக்கி இன்று 1,10,000 ஆனது இப்படித்தான், ஆடம்பரமாக எதுவும் வாங்கி அல்ல.

நோ-காஸ்ட் இஎம்ஐ பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், நாளைக்கு இன்னொரு கடையில் இதே பலகையைப் பார்ப்பீர்கள். சும்மா யாரும் கடன் தருவதில்லை. ஜீரோ வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013ல் வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்தால் 12,000 குறைப்போம் என்று பைக் கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அதுதான் உங்கள் வட்டி, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. பிராசஸிங் கட்டணமும் வட்டிக்கான ஜிஎஸ்டியும் தனி.

இனி எஸ்ஐபி. என்ன ஆனாலும் எஸ்ஐபியை நிறுத்தாதே என்று ரீல்ஸில் தினமும் யாராவது கத்துகிறார்கள். பாதி பேருக்கு அது நல்ல அறிவுரைதான், உங்களுக்கு இல்லை. ஒரு கையால் 50 சதவீதம் வட்டி கொடுத்துக்கொண்டு, மறு கையால் 12 சதவீதம் வரும் என்ற நம்பிக்கையில் சேமிப்பது அண்டாவில் ஓட்டையை வைத்துக்கொண்டு செம்பால் தண்ணீர் ஊற்றுகிற வேலை. ஃபண்டிலிருந்து 1,10,000 எடுத்துக் கார்டு பாக்கியை அடைத்துவிடுங்கள். முதலில் வாங்கிய யூனிட்டைத்தான் முதலில் விற்றதாகக் கணக்கு வைப்பார்கள், அதனால் நீங்கள் விற்பது பெரும்பாலும் ஒரு வருஷம் தாண்டியதாகத்தான் இருக்கும். லாபம் இருபதாயிரம் சொச்சம் வரும். பங்கு ஃபண்டில் நீண்டகால லாபம் ஒரு நிதியாண்டில் 1,25,000 வரை வரியில்லை, ஆக வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். மீதி 68,000 அங்கேயே கிடக்கட்டும். ஃபண்டை விற்காமல் அதன் மேல் ஆப்பிலேயே ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறோம் என்று யாராவது வருவார்கள், வேண்டாம். உங்களுக்கு வியாதியே ஐந்து நிமிடக் கடன்தான்.

சங்கிலியைத் தொடாதீர்கள். நகைக்கடன் கெட்டது என்று நான் சொல்லவில்லை, ஆஸ்பத்திரிச் செலவென்றால் நானே வைக்கச் சொல்வேன். ஆனால் ஓட்டப்பந்தயத்துக்கு மனைவியின் கழுத்திலிருந்து கழற்றுவது, அதுவும் இந்த ஆசையை வீட்டுக்குள் கொண்டுவந்தது அவருடைய அண்ணனாக இருக்கும்போது, வட்டிக் கணக்கில் அடங்காத தொல்லை.

மச்சானின் பைக். உங்களுக்கு ஏற்கெனவே ஒரு பைக் இருக்கிறது, 11 மாதத் தவணை பாக்கியுடன். டைம் டிரையல் பைக் காற்றைக் கிழித்துக்கொண்டு குனிந்தபடி ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓட்டுவதற்கானது. முன்கைகளை நீட்டி அதன் மேல் படுத்துவிட்டால் பிரேக் கைக்கெட்டாது. ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) அதிகாலை ஐந்தரைக்கு மீன் வண்டிக்கும் ரிசார்ட்டிலிருந்து திரும்பும் காருக்கும் நடுவில் பழகுகிற புது ஆளுக்கு அது ஏன்? பணப்பக்கம் இன்னும் மோசம். உறவில் வாங்கும் தவணைக்கு ஸ்டேட்மென்ட் கிடையாது, முடிவுத் தேதி கிடையாது. ஒவ்வொரு தீபாவளிக்கும் பந்தியில் வந்து உட்காரும். அவரிடம், "மச்சான், முதலில் முப்பது லெங்த் நீந்திக் காட்டுகிறேன், அப்புறம் பைக் பேசலாம்" என்று சொல்லுங்கள். சாக்கு அல்ல அது, உண்மை. டிரையத்லானில் குறைந்த தூர வகையான ஸ்பிரின்ட்டில் நீச்சல் 750 மீட்டர், உங்கள் 25 மீட்டர் குளத்தில் சரியாக 30 லெங்த். கோவா போட்டியில் 1.9 கிலோமீட்டர், 76 லெங்த், அதுவும் பிடித்து மூச்சு வாங்கச் சுவர் இல்லாத கடலில், 1 மணி 10 நிமிடத்துக்குள். அப்புறம்தான் 90 கிலோமீட்டர் சைக்கிளும் 21 கிலோமீட்டர் ஓட்டமும். நான்கு லெங்த் நீந்துகிறவருக்குக் குறைவது பைக்கா?

நான் ஓடுகிற ஆள் இல்லை, காலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் நடப்பதோடு சரி. ஆனால் இந்தப் பைத்தியம் பிடித்த வாடிக்கையாளர்கள் எனக்கு நாலைந்து பேர் உண்டு. முதல் வருஷத்தில் அவர்களுக்குப் பிரயோசனப்பட்ட செலவு என்று ஒப்புக்கொள்வது குளத்துக் கட்டணம், அங்கே பக்கத்தில் நின்று மூச்சு விடச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர், நல்ல ஹெல்மெட், காலுக்குப் பொருந்திய ஒரு ஜோடி ஷூ. கார்பன் தகடு வைத்த ஷூவும், மிதிக்கும் சக்தியை அளக்கும் பவர் மீட்டரும் பிறகு விற்கப் போட்டவை. 1978ல் ஹவாயில் முதல் அயர்ன்மேன் போட்டியில் 15 பேர் இறங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். ஜிபிஎஸ் வாட்ச் கிடையாது, ஜெல் பாக்கெட் கிடையாது.

அதனால் ஆன்லைன் கோச்சை நிறுத்துங்கள், மாதம் 6,000 மிச்சம். அவர் அனுப்பும் வண்ண அட்டவணை நீங்கள் தண்ணீரில் தலையைத் தூக்குவதைப் பார்க்காது. குளத்தின் 2,500ஐத் தொடாதீர்கள். எஸ்ஐபியை நான்கு மாதம் நிறுத்திவையுங்கள், வாட்ச் தவணை முடிந்ததும் திரும்ப ஆரம்பியுங்கள். மளிகை மறுபடி ரொக்கத்துக்கு வந்துவிடும். இப்படிச் செய்தால் முதல் நான்கு மாதம் மாதம் 11,000 சொச்சம் நிற்கும், அதன்பின் 11,800. பைக் தவணை முடிகிற 11வது மாதத்தில் கையில் 1,26,000 இருக்கும். அதில் ஒரு லட்சம் எஃப்டி, அவசரத்துக்கு. அதற்கு அப்புறம் மாதம் 23,000க்கு மேல் மிஞ்சும், மிச்சமுள்ள 26,000ஐயும் சேர்த்தால் இரண்டே மாதத்தில் கோவாவின் 75,000 கிட்டத்தட்ட முழுசும் ரொக்கமாக வந்துவிடும். அதற்குள் கடல் நீச்சலும் வந்திருக்கும். நடுவில் ஒரு ஸ்பிரின்ட் போட்டி முடித்துவிடுங்கள், இருக்கிற பைக்கே போதும். கோவா 2019லிருந்து இந்தப் போட்டியை நடத்துகிற ஊர், உங்களுக்காக ஒரு வருஷம் கழித்தும் இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்களுக்கு ஆபீஸ் கொடுக்கும் மருத்துவக் காப்பீடு மட்டும்தான் போலிருக்கிறது, தனியாக எதையும் குறிப்பிடவில்லை. ஈசிஆரில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு விபத்துக் காப்பீடு ஒன்று தனியாக வேண்டும். கை உடைந்து மூன்று மாதம் வீட்டில் இருந்தால் வாரத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கிற பிரிவு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஸ்மார்ட் வாட்ச் வாங்குகிறவர்கள் இதை வாங்குவதில்லை, ஏனென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

உங்கள் பில் கட்டக் கடைசி நாள் 18. ஃபண்ட் பணம் வங்கிக்கு வர மூன்று வேலை நாள் ஆகலாம், நடுவில் சனி ஞாயிறு வரும், ஆகவே 10ஆம் தேதிக்குள் விற்கக் கொடுத்துவிடுங்கள். மினிமம் என்ற பொத்தானை அழுத்தாமல் முழுத் தொகையைக் கட்டுங்கள். அடுத்த பில்லில் இடைப்பட்ட நாட்களுக்காகக் கொஞ்சம் வட்டி வரும், கட்டினேனே என்று கோபப்பட்டுக் கஸ்டமர் கேருக்குப் போன் போட வேண்டாம், அதையும் முழுசாகக் கட்டினால் வட்டியில்லா நாட்கள் திரும்ப வந்துவிடும். கார்டை அதுவரை மனைவியிடம் கொடுத்துவையுங்கள், ஷாப்பிங் ஆப்களில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணையும் அழித்துவிடுங்கள்.