முறையா, முறைப்பா?

கேள்வி: அக்ரா போன்ற ஆப்பிரிக்க நகரங்களில் முறைசாராப் பொருளாதாரத்தில் உழைக்கும் பெண்களை முறைப்படுத்தினால் அவர்கள் வாழ்க்கை உயராதா? – வாசகர், விருதுநகர்.

பதில்: வியாபாரம் தெரிந்த ஊரிலிருந்து இப்படி ஒரு சொல்! அரசுப் பதிவேட்டில் ஏறாத வேலையை 'முறைசாரா' என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கும் எனக்கும் பழைய பகை. தமிழில் முறை என்பது சின்னச் சொல்லா? கட்டிக்கொள்ள உரிமையுள்ளவள் முறைப்பெண். வாய்க்கால் தண்ணீர் நம் வயலுக்குத் திரும்பும் நாள் நம் முறை. பல குடித்தனம் இருக்கும் வீட்டில் இன்று யார் கூட்டிப் பெருக்குவது என்பது முறைவாசல். அநியாயம் நடந்தால் செய்வது முறையீடு. ஆக, முறைசாரா என்றால் மாமன் மகளும் கிடையாது, தண்ணீரும் கிடையாது, வாசலும் பெருக்கவில்லை, போய் அழ ஓர் இடமும் இல்லை. மீன் விற்கிறவளை இவ்வளவு மோசமாகச் சந்தையில்கூட யாரும் திட்டியதில்லை. நம் வாரியங்களின் 'அமைப்புசாரா' இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. அவனை இன்னொரு வாரம் கவனிக்கிறேன். 'முறைசாராப் பொருளாதாரம்' என்பதில் ஒற்று மிகுமா என்று மெய்ப்புப் பார்ப்பவர் கேட்கிறார். மிகும். அந்தத் தொடரில் சரியாக இருப்பது அந்த ஒற்று ஒன்றுதான்.

நீங்கள் கானாவின் தலைநகர் அக்ராவைச் சொன்னது பொருத்தம். ஆங்கிலத்தில் 'இன்ஃபார்மல்' என்ற அந்தச் சொல்லுக்குப் பிறந்த வீடே அதுதான். கீத் ஹார்ட் என்ற மானிடவியலாளர் 1960களில் அக்ராவின் நிமா பகுதியில் ஆய்வு செய்தார். வேலையில்லாதவர்கள் என்று கணக்கில் எழுதப்பட்டவர்கள் அங்கே ஓயாமல் உழைத்துக்கொண்டிருந்தார்கள். அதை 1971-இல் ஒரு மாநாட்டில் சொன்னார். கட்டுரை 1973-இல் அச்சானது. அதற்குள், 1972-இல், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கென்யா அறிக்கை அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. 'இவர்கள் சும்மா இல்லை' என்று சொல்லப் பிறந்த சொல், 'இவர்களிடம் ஒழுங்கில்லை' என்று சொல்ல வளர்ந்தது.

ஒழுங்கில்லாமல் கென்கே செய்து பாருங்கள், தெரியும். புளித்த மக்காச்சோள உருண்டை அது. அக்ராவின் கா மக்களுக்குக் கோமி. முதலில் பூஞ்சை பிடித்த சோளத்தைப் பொறுக்கி எறிய வேண்டும். புளிக்கவைத்தாலும் வேகவைத்தாலும் பூஞ்சை நஞ்சு முழுதாகப் போகாது. ஒன்றிரண்டு நாள் ஊறவைத்து, மில்லில் ஈரமாக அரைத்து, கெட்டியாகப் பிசைந்து, அமுக்கி மூடி, இரண்டு மூன்று நாள் புளிக்கவிட வேண்டும். பிறகு மாவில் பாதியை எடுத்து உப்புத் தண்ணீரில் களி கிண்டுவதுபோல் கிண்டுவார்கள். இதற்குப் பெயர் அஃப்லாட்டா. சூடு ஆறுமுன் மீதிப் பச்சை மாவோடு சேர்த்துப் பிசைவார்கள். வெந்த பாதிதான் பசை. அது குறைந்தால் உருண்டை நறநறத்து உதிரும்; கூடினால் கொழகொழவென்று கையில் ஒட்டும். உருட்டியதைக் கதிர் உரித்த மட்டையில் சுற்றி முறுக்கி, அடிப்பிடிக்காமல் இருக்கப் பானையடியிலும் மட்டை பரப்பி, அடுக்கி, இரண்டு மூன்று மணி நேரம் அவிக்க வேண்டும். கானாவின் இன்னொரு இனமான ஃபாண்டே பெண்கள் உப்பில்லாமல் வாழைச்சருகில் சுற்றுவார்கள். எது உசத்தி என்று கானாக்காரர் இருவரை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். உங்கள் ரயில் போய்விடும்.

திங்களன்று வாங்கிய சோளம் வாரக்கடைசியில்தான் காசு. தினமும் விற்க வேண்டுமென்றால் ஒரு பானை ஊற, ஒன்று புளிக்க, ஒன்று வேக, எல்லாம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். ஒரு நாள் தப்பினால் நாலு நாள் கழித்து அடுப்பு காலி.

அடுத்த மூட்டைக்கான காசு கரையாமல் இருக்க சுசு என்ற தினச் சேமிப்பு. வசூல்காரர் தினமும் கடைக்கே வருவார். அட்டையில் 31 கட்டம். தினம் 10 சீடி (கானாவின் நாணயம்) என்று பேசினால் மாதம் பூரா அதே 10. மாதக் கடைசியில் 310 கட்டியவர் கைக்கு 300 வரும். ஒரு நாள் காசு வசூல்காரர் கூலி. (சீடி என்ற பெயரே சோழியைக் குறிக்கும் அக்கான் மொழிச் சொல்லிலிருந்து வந்தது.) 'வட்டி தராமல் பிடித்துக்கொள்கிறாரே!' என்று பொருளாதாரம் படித்தவர் குதிப்பார். கடையை விட்டுவிட்டு வங்கியில் நின்றால் அரை நாள் வியாபாரம் போச்சு. வீட்டில் வைத்தால் உறவுக்காரருக்கு மூக்கில் வேர்க்கும். 10 சீடி, பூட்டுக்கு வாடகை. வசூல்காரர் கம்பி நீட்டினால் மொத்தமும் போகும். அதனால்தான் வீடு வாசல் தெரிந்த ஆளாகப் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

முறைப்படுத்தலுக்கு வருவோம். அதையும் அக்ரா பார்த்திருக்கிறது. 1979 ஜூனில் விமானப்படை அதிகாரி ராலிங்ஸ் தலைமையில் ஆட்சியைப் பிடித்த ராணுவம், ஆகஸ்டில் பெண்கள் கோலோச்சிய மகோலா சந்தையின் முதல் எண் கட்டடத்தை இடித்துத் தரைமட்டமாக்கியது. குற்றச்சாட்டு 'கலபூலே': பதுக்கல், கொள்ளை லாபம். நாட்டில் சரக்கே இல்லை, சீடிக்கு அரசு சொன்ன மதிப்பு வெறும் காகிதத்தில். பழி மட்டும் கூறுகட்டி விற்றவள் தலையில். இடித்த இடம் பின்னால் வண்டி நிறுத்துமிடம் ஆனது. பெயர், ராலிங்ஸ் பார்க். முறை இல்லை, வெறும் முறைப்பு.

பெண்களைக் கேட்டுச் செய்த காரியமும் உண்டு. சொர்க்கோர் என்ற அக்ரா மீனவர் குடியிருப்பில், 1969–71-இல், மீன் வாட்டும் பெண்களோடு உட்கார்ந்து ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் கானாவின் உணவு ஆய்வு நிறுவனமும் ஓர் அடுப்பு வடிவமைத்தன. பழைய வட்ட அடுப்பில் அடிமீன் கருகும், மேல்மீன் வேகாது, புரட்டிப் புரட்டிக் கை வேகும். புதியது நீள்சதுர மண் அடுப்பு, முன்னால் இரண்டு வாய். மேலே கம்பி வலை அடித்த மரச்சட்டத் தட்டுகள், பதினைந்து வரை. அடுக்கிய தட்டுகளே புகைக்கூண்டு. மேல் கீழ் மாற்றி வைத்தால் போதும். சூட்சுமம் சட்டத்தின் அளவில்: அது அடுப்புச் சுவரின் தடிப்புக்கு நடுவில் உட்கார வேண்டும். உள்ளே நீட்டினால் சட்டம் தீப்பிடிக்கும். தட்டுக்குத் தட்டு அளவு மாறினால் இடுக்கு வழியாகப் புகை தப்பும், விறகு வீண். இரண்டு மணி நேரம் வாட்டினால் மீன் ஓரிரு நாள் தாங்கும். பத்துப் பதினெட்டு மணி நேரம் வாட்டி உலர்த்தினால் மாதக்கணக்கில். கடல் வஞ்சிக்கும் மாதங்களில் விலை வைப்பது அந்த மீனுக்குத்தான்.

சுமை தூக்கும் பெண்களுக்கு அங்கே கயாயெய் என்று பெயர். 'கயா' ஹவுசா மொழியில் சுமை. 'யெய்' கா மொழியில் பெண்கள். பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்த இளம்பெண்கள். காந்தமாந்தோ பழந்துணிச் சந்தையில் ஒரு பேல், அதாவது துணிப்பொதி, சுமார் 55 கிலோ; தலையில் ஏறும். இவர்களிடமும் உள்ளாட்சி சந்தைச் சுங்கம் பிடித்தது. ரத்து என்று அறிவிக்க 2017 பட்ஜெட் வரவேண்டியிருந்தது. சுங்கச் சீட்டு கிழிக்கும்போது முறைக்குள் இருப்பவள், ஓய்வூதியம் என்றதும் முறைசாரா.

என்ன செய்யலாம் என்றுதானே கேட்கிறீர்கள்? அங்கே மின்வெட்டுக்கு டம்சோர் என்று பெயர்: விளக்கை அணை, விளக்கை ஏற்று. மில் நின்றால் ஊறிய சோளம் காத்திருக்காது. கரண்ட்டை ஒழுங்காகக் கொடுக்கட்டும். உங்கள் அடுத்த கேள்வி அமைப்புசாராவைப் பற்றி இருக்கட்டும், காத்திருக்கிறேன்.