பிள்ளைக்கு வீசிங் இருக்கிறது. வீட்டுக்கு ஏர் பியூரிஃபையர் வாங்கினால் பிரயோசனம் உண்டா?

கேட்டவர் மட்டக்களப்பு நகரில் வாடகை வீட்டில் இருக்கிறார். ஐந்து வயது மகனுக்கு அடிக்கடி வீசிங் வருகிறது. கொழும்பில் இருக்கும் அண்ணன் ஒரு ஏர் பியூரிஃபையர், அதாவது அறைக்காற்றில் இருக்கிற தூசியைப் பிடிக்கிற மெஷின், வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். காசு வீணாகிவிடுமோ, கரண்ட் பில் ஏறிவிடுமோ என்று தங்கச்சிக்குப் பயம்.

பிரயோசனம் உண்டு தங்கச்சி, ஆனால் ஒரு அறைக்கு மட்டும். மகன் படுக்கிற அறையில் வைத்து, கதவு யன்னலைச் சாத்தி, இரவு முழுக்க ஓடவிட்டால் பலன் தெரியும். ஹோலில் வைத்து வீடு முழுக்கச் சுத்தமாகும் என்று எதிர்பார்த்தால் கரண்ட் காசுதான் போகும். இன்னொன்றும் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே நாங்கள் போடுகிற புகையை நிறுத்தாமல் எந்த மெஷினை வாங்கியும் வேலையில்லை. அதனால் அண்ணனுக்கு ஓம் சொல்வதற்கு முதல் இதை முழுக்க வாசியுங்கள்.

நான் இருப்பது காரைதீவில். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி ஒரு அரிசி ஆலை. நெல் அவிக்கிற அடுப்புக்கு உமிதான் எரிபொருள். காற்று எங்கள் பக்கம் திரும்புகிற நாளில் கொடியில் காயும் வெள்ளைப் பாடசாலைச் சட்டையில் கறுப்புக் கறுப்பாக உமிச்சாம்பல் ஒட்டியிருக்கும். தட்டினால் போகாது, தேய்த்தால் கோடு விழும். என் மகளுக்கும் சின்ன வயதில் இருந்தே இழுப்பு. அவளுக்காகத்தான் மெஷின் வாங்கினோம். கண்ணுக்குத் தெரிகிற அந்தச் சாம்பலை விட ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத தூசி. அதைத்தான் பி.எம். 2.5 என்கிறார்கள். 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள். தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். மூக்கில், தொண்டையில் நிற்காமல் நேரே நுரையீரலின் அடிவரை போய்விடும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒரு கன மீட்டர் காற்றில் இந்தத் தூசியின் 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது. எங்கள் மெஷினில் இந்தத் தூசியின் அளவைக் காட்டுகிற ஒரு சின்னத் திரை இருக்கிறது. குசினியில் கடுகும் செத்தல் மிளகாயும் தாளிக்கிற வாசம் அறைக்குள் வந்தால் போதும், அந்த இலக்கம் விறுவிறுவென்று ஏறி விளக்கு சிவப்பாகிவிடும். ஆலைப் புகைதான் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்த வீட்டில், பாதிப் புகை எங்கள் குசினியில் இருந்தே வருகிறது என்பதைக் காட்டியது அந்த விளக்குத்தான்.

சரி, முதலில் நிறுத்த வேண்டியது நுளம்புத்திரி. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஒரு நுளம்புத்திரி எரிந்து முடியும்போது வெளிவருகிற நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுகள் விடுகிற தூசிக்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. நாங்கள் அதைப் பிள்ளையின் கட்டிலுக்குக் கீழேதான் கொளுத்தி வைக்கிறோம். யன்னலையும் சாத்திவிடுகிறோம். விடிய விடிய அந்தப் பிள்ளை அதையே இழுக்கிறது. மட்டக்களப்பில் டெங்கு எவ்வளவு மோசம் என்று உங்களுக்குத் தெரியும், அதனால் நுளம்பை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். வலை கட்டுங்கள். யன்னலுக்கு நெட் அடியுங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, அதனால் பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். திரியையும் கொளுத்தி மெஷினையும் போட்டால் பில்டர் நாசமாகும், பிள்ளைக்கும் முழுப் பலன் கிடைக்காது.

அடுத்தது சாம்பிராணி. குளிப்பாட்டிய பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதும் வெள்ளிக்கிழமை வீடு முழுக்கப் புகை பிடிப்பதும் எங்கள் ஆட்களின் வழக்கம். என் அம்மாவிடம் இதை விடச் சொல்லிக் கேட்பது எனக்கு லேசாக இருக்கவில்லை. கடைசியில் அவர் சட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோனார், பிள்ளை வீட்டுக்குள் இருந்தது. சாமி அறையில் ஒரு விளக்கு, பூ, அவ்வளவுதான். உங்கள் வீட்டுப் பெரியவர்களும் ஒத்துக்கொள்ளக்கூடும், பிள்ளைக்கு இழுப்பு வந்த ஓர் இரவை நினைவுபடுத்திக் கேளுங்கள்.

விறகடுப்பும் இருக்கிறது. 2022இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது எத்தனையோ வீடுகள் விறகுக்குத் திரும்பின. சில வீடுகளில் இன்னும் அப்படியே. உங்கள் குசினியில் விறகு எரிந்தால் அடுப்பை வெளிக்கொட்டிலுக்கு மாற்றுங்கள், அல்லது புகைபோக்கியைச் சரியாக்குங்கள். குசினிக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருக்கிற கதவைச் சமையல் நேரத்தில் சாத்துங்கள். குப்பையை வளவுக்குள் கொளுத்துகிற பழக்கம் அக்கம்பக்கத்தில் இருந்தால் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். பொழுதுபடுகிற நேரத்தில் கடற்காற்று அடங்கிவிடும். அந்த நேரத்தில் கொளுத்துகிற குப்பையின் புகை மேலே எழும்பாமல் வீடுகளின் உயரத்திலேயே படர்ந்து நிற்கும். பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரிந்தால் சொல்லவே வேண்டாம்.

இதெல்லாம் செய்த பிறகும் வெளியில் இருந்து வருகிற தூசி மிச்சம் இருக்கும். அதற்குத்தான் மெஷின். ஆலைக்குக் கிட்டவோ பிரதான வீதிக்குக் கிட்டவோ இருக்கிறவர்களுக்கும், போகம் முடிந்து வைக்கோல் கொளுத்துகிற காலத்தில் வயல் பக்கம் இருக்கிறவர்களுக்கும் அது கட்டாயம் உதவும். நகருக்குள் இருக்கிற உங்களுக்கும் சில நாட்களில் தேவைப்படும். 2022 டிசம்பர் நினைவிருக்கும். மண்டவுஸ் சூறாவளி வந்த நேரத்தில் வடகிழக்குக் காற்றோடு அசுத்தக் காற்று கடல் தாண்டி வந்து, நாடு முழுக்க மப்பாக நின்றது. டிசம்பர் 9ஆம் திகதி பாடசாலைகளையே மூடினார்கள். இங்கே எங்களுக்கு ஆலையும் இல்லை, வாகனமும் குறைவு என்று சொல்லித் தப்ப முடியாது, வாடைக்காற்று காலத்தில் தூசி வெகு தூரத்தில் இருந்தும் வரும்.

வாங்குவதற்கு முதல் அறையை நிமிர்ந்து பாருங்கள். சீலிங் இருக்கிறதா? எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் அறைச்சுவர் கூரை வரை எழும்பாது. மேலே திறந்தே இருக்கும், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவிலும் இடைவெளி இருக்கும். அப்படிப்பட்ட அறையில் மெஷின் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. சீலிங் இல்லாவிட்டால் அந்தக் காசை முதலில் சீலிங்குக்குப் போடுங்கள். வாடகை வீடு என்றால், உள்ளதில் அடைப்பான சின்ன அறையைப் பார்த்து மகனின் கட்டிலை அங்கே மாற்றுங்கள்.

மெஷினைத் தெரிவு செய்யும்போது பார்க்க வேண்டிய முதல் இலக்கம் சி.ஏ.டி.ஆர். ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு காற்றைச் சுத்தமாக்கித் தரும் என்ற அளவு அது. பெட்டியில் போட்டிருக்கும், போடாத மெஷினை வாங்காதீர்கள். 10 அடிக்கு 12 அடி அறை, 8 அடி உயரம் என்றால் கிட்டத்தட்ட மணிக்கு 136 கன மீட்டர் வேண்டும். அறைக்காற்று முழுவதும் மணிக்கு ஐந்து தடவை பில்டருக்குள்ளால் போய்வருகிற கணக்கு அது. எங்கள் அறைகள் பெரும்பாலும் பத்தரை அடி உயரம், அதற்கு 180 கிட்ட வேண்டும். அதோடு, அந்த இலக்கம் மெஷின் உச்ச வேகத்தில் ஓடும்போது வருவது. உச்ச வேகத்தில் இரைச்சலுக்குப் பிள்ளை தூங்காது. ஆகவே 250, 300 என்று பெரிதாக எடுத்து நடு வேகத்தில் ஓடவிடுவதே புத்தி. அண்ணனிடம் இந்த இலக்கத்தைச் சொல்லுங்கள். 'பெரிய அறைக்கும் போதும்' என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டு வாங்க வேண்டாம்.

பில்டர் ஹெப்பா வகையாக இருக்க வேண்டும். உண்மையான ஹெப்பா, பிடிப்பதற்கு மிகவும் கடினமான 0.3 மைக்ரோமீட்டர் துகளிலும் 99.97 வீதத்தைப் பிடிக்கும். 'ஹெப்பா மாதிரி', 'ஹெப்பா டைப்' என்று எழுதியிருந்தால் அது வேறு சாமான். வாசத்துக்கும் வாயுக்கும் கரி பில்டர் வேண்டும், ஆனால் மெல்லிய கரித்தாள் ஒன்று வைத்திருப்பார்கள், அது சில வாரத்தில் நிறைந்துவிடும். அதை நம்பிப் பெயிண்ட் வாசத்தில் பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள். ஓசோன் விடுகிற மெஷின் பக்கமே போக வேண்டாம், ஓசோன் வீசிங்கைக் கிளப்பிவிடும். அயனைசர், அதாவது காற்றுத் தூசிக்கு மின்னேற்றம் கொடுக்கிற பகுதி, அதுவும் ஓசோன் விடக்கூடும், ஆகவே அது இருந்தால் அதை நிறுத்துகிற பட்டன் தனியாக இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றி ஆவி விடுகிற சின்ன மெஷின்களையும் இதே பெயரில் விற்கிறார்கள். எங்கள் கரையோரக் காற்றில் ஈரம் ஏற்கனவே போதும் போதும் என்று இருக்கிறது, அது எங்களுக்குத் தேவையே இல்லை.

கரண்ட் பில்லைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். நடு வேகத்தில் 30 வாட் எடுக்கிற மெஷின் இரவில் எட்டு மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு ஏழு யூனிட்டுக்குச் சற்று மேல். ஃபேன் ஒன்றின் செலவை விடக் குறைவு. ஆனால் 30, 60, 90 என்று படி ஏறுகிற கணக்கில் உங்கள் பில் ஒரு படியின் விளிம்பில் நின்றால் அந்த ஏழு யூனிட் அடுத்த படிக்குத் தள்ளிவிடும், போன மாத பில்லை எடுத்துப் பாருங்கள்.

வைக்கிற இடமும் முக்கியம். சுவரோடு ஒட்டாமல், அலுமாரிக்குப் பின்னால் ஒளிக்காமல், கட்டிலுக்குக் கிட்ட வையுங்கள். வலை காற்றை மறிக்காது. சீலிங் ஃபேனும் ஓடட்டும், காற்று கலந்தால்தான் அறையின் மூலையில் நிற்கிற தூசியும் மெஷினுக்கு வரும். வெளியில் இருக்கிற பில்டரை, அதாவது வலை மாதிரி இருப்பதை, நாங்கள் ஒவ்வொரு கிழமையும் கழுவுகிறோம். கழுவும்போது முதலில் சாம்பல் நிறத் தண்ணீர் வரும், பிறகு நூல் நூலாகத் தலைமயிரும் துணிப்பஞ்சும் வரும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் திருப்பிப் போட வேண்டும். ஹெப்பாவை மட்டும் கழுவவே கூடாது, தண்ணீர் பட்டால் அதன் மடிப்புகள் கெட்டுவிடும். வாங்கிய புதிதில் வெள்ளையாக இருக்கும், எங்களுடையது இப்போது மடிப்பின் நுனியெல்லாம் கரி. கம்பனிகள் ஆறு மாதம், ஒரு வருடம் என்று சொல்வார்கள், புகை அதிகமான இடத்தில் அதற்கு முதலே மாற்ற வேண்டிவரும். அதனால் மெஷின் விலையோடு பில்டர் விலையையும், அது இலங்கையில் கிடைக்குமா என்பதையும் அண்ணனைக் கேட்கச் சொல்லுங்கள். பில்டர் கிடைக்காத மெஷின் அடுத்த வருடம் மூலைக்குப் போய்விடும்.

கச்சான் காற்று வீசுகிற மே முதல் ஆகஸ்ட் வரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஏசி இல்லாத அறையைச் சாத்திவைத்தால் பிள்ளை வியர்வையில் நனையும், அதை நான் செய்யச் சொல்லமாட்டேன். படுக்கப் போவதற்கு ஒரு மணித்தியாலம் முதல் அறையைச் சாத்தி மெஷினை உச்ச வேகத்தில் விடுங்கள். பிறகு, குப்பைப் புகை அடங்கிய நேரத்தில் வீதிப் பக்கம் இல்லாத ஒரு யன்னலைத் திறந்து, மெஷினைத் தலைமாட்டுக்கு நகர்த்துங்கள். முழுப் பலன் இராது, பாதி கிடைக்கும். ஏசி இருந்தால் சுலபம். ஆனால் ஏசியே காற்றைச் சுத்தமாக்கிவிடும் என்று நினைக்க வேண்டாம், அதிலிருக்கிற வலை பெரிய தூசியை மட்டும்தான் பிடிக்கும். காலையில் எழுந்ததும் எல்லா யன்னலையும் திறந்து கடற்காற்றை உள்ளே விடுங்கள். மூடிய அறையில் நாங்கள் விடுகிற மூச்சே தேங்கி நிற்கும், அதை மெஷின் எடுக்காது.

அது எடுக்காதவை இன்னும் உண்டு. மாரியில் சுவரில் பிடிக்கிற பூஞ்சணம் ஈரத்தால் வருவது. கூரை ஒழுக்கை அடைத்து, அலுமாரியைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளிவைத்தால்தான் அது போகும். மெத்தையில், தலையணையில் இருக்கிற தூசிப்பூச்சி காற்றில் அதிகம் மிதப்பதில்லை. படுக்கை விரிப்பைக் கிழமைக்கு ஒருதடவை சுடுதண்ணீரில் துவைத்து, தலையணையை வெயிலில் போடுங்கள். வீசிங் பிள்ளைக்கு இது மெஷினுக்குக் குறையாத உதவி. கரண்ட் போகிற நேரத்தில் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ யன்னலுக்குக் கீழோ ஓடவிட்டால் வருகிற கார்பன் மொனொக்சைட்டை எந்தப் பில்டரும் பிடிக்காது. அது வாசமில்லாமல் ஆளைக் கொல்லும்.

மெஷின் வந்த பிறகு மகனுக்கு இரவில் இருமல் குறையலாம். அதைப் பார்த்து வைத்தியர் தந்த இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். என் மகளுக்கு அளவைக் குறைத்ததும் கிளினிக்கில் வைத்தியர் பார்த்துத்தான். இரவில் எத்தனை தடவை எழும்புகிறான், எந்த நாளில் இழுப்பு வருகிறது, அன்று வீட்டில் என்ன புகை என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், கிளினிக்குக்கு அதைக் கொண்டுபோங்கள். அறையின் நீளம், அகலம், உயரம், சீலிங் உண்டா என்பதைக் கீழே எழுதினால் எவ்வளவு சி.ஏ.டி.ஆர். வேண்டும் என்று நான் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.