சோ மோரிரி ஏரியில் இரண்டு இரவு: எங்கே படுக்கிறோம் என்பதுதான் முக்கியம்

மன்னார்குடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "குறுவை நடவு முடிந்து ஆகஸ்டில் பத்து நாள் கிடைக்கும். லடாக் பாலைவனத்தில் கூட்டமில்லாத ஏரிப் பக்கம் கூடாரத்தில் இரண்டு இரவு தங்க ஆசை. அப்பாவும் வருகிறார். வயது 62, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். பாங்காங் போகலாமா?"

அமைதிதான் வேண்டும் என்றால் பாங்காங் வேண்டாம். சீசனில் அங்கே கூடாரங்கள் வரிசை கட்டி நிற்கும். சோ மோரிரிக்குப் போங்கள். லடாக்கின் முக்கிய நகரமான லேயிலிருந்து பெரும்பாலும் சிந்து நதியை ஒட்டியே ஏறத்தாழ 220 கிலோமீட்டர்; ஏரிக்கரை ஊர் கோர்சோக். ஏரிக்குள் ஓடைகள் வந்து விழும், வெளியேற வழி கிடையாது. அதனால் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். நம் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வருகிறதே வரித்தலை வாத்து, அந்த இனம் குஞ்சு பொரிக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

சரி, இனி உயரம். கோர்சோக் 4,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மன்னார்குடியில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதிக்குச் சற்று அதிகம்தான் அங்கே கிடைக்கும். பகலில் எவ்வளவு ஏறினீர்கள் என்பதைவிட, இரவு எந்த உயரத்தில் படுக்கிறீர்கள் என்பதை உடம்பு கணக்கு வைக்கும். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், படுக்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. லே 3,500 மீட்டர். அங்கிருந்து நேரே கோர்சோக் போனால் ஒரே நாளில் ஆயிரம் மீட்டர் ஏறிவிடுகிறீர்கள். ஆகவே லேயில் மூன்று இரவு, அதில் முதல் நாள் முழு ஓய்வு. நான்காம் இரவு வழியிலுள்ள சுமதாங்கில். ஏறத்தாழ 4,000 மீட்டர், வெந்நீர் ஊற்றும் உண்டு. அப்புறம்தான் ஏரி. இரண்டாம் நாளே ஏரிக்குக் கூட்டிப்போகும் பேக்கேஜ் எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.

அப்பாவைக் கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் காட்டுங்கள். உயரத்தால் வரும் உடல்கோளாறைத் தடுக்கும் மாத்திரையான அசிட்டசோலமைடு தேவையா என்று கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் சொல்லுங்கள். ரத்த அழுத்த மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம்.

ஏரியை ஒட்டிக் கூடாரம் அடிக்காதீர்கள், கரை பறவைகளுக்கு உரியது. ஊர்ப் பக்கமுள்ள முகாமில் தங்குங்கள். ஆகஸ்டிலும் இரவுக் குளிர் கடுமையாக இருக்கும். அதற்காகக் கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ பற்ற வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமலே ஆளைக் கொன்றுவிடும்.

லேசான தலைவலி பலருக்கும் வரும். தீரும்வரை மேலே ஏறாமல் இருந்தால் போதும். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள், உடனே கீழே இறங்க வேண்டும். பெரிய மருத்துவமனை லேயில்தான். அதனால் காசு மிச்சம் என்று வண்டியைத் திருப்பி அனுப்பிவிடாமல், இரண்டு இரவும் டிரைவர் உங்களோடு கோர்சோக்கிலேயே தங்கும்படி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.