‘மனித உரிமை’ என்று சங்க விதியில் எழுதலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர்: “தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் சேர்ந்து சங்கம் தொடங்குகிறோம். குடியுரிமை மனு எழுதிக் கொடுப்போம். தோட்டம் கைமாறினால் வீட்டுக்காகக் குரல் கொடுப்போம். நோக்கம் ‘மனித உரிமை மேம்பாடு’ என்றால் நன்கொடைக்கு வரிவிலக்கு கிடைக்குமா?”

சங்கப் பதிவு வேறு, வரிவிலக்கு வேறு. 1966 சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற அறநோக்கம் (சட்டம் தருமப் பணியாக ஏற்கும் நோக்கம்) தேவையில்லை. வரிவிலக்குக்கு 1967 வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு அறநோக்கம் வேண்டும்; சிக்கல் அங்கேதான் வரும்.

எது அறநோக்கம் என்பதற்கு, இங்கும் வழிகாட்டியாகக் கொள்ளப்படும் ஆங்கிலப் பொதுச்சட்டம் 1891-இல் பெம்செல் வழக்கில் நான்கு வகை சொன்னது: வறுமை நீக்கம், கல்வி, சமயம், சமூகத்துக்குப் பயன்படும் பிற பணிகள். மனித உரிமை நான்காவதில் அடங்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் 1981-இல், மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி இன்டர்நேஷனலின் அறக்கட்டளை வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் அதை அறநோக்கமாக ஏற்க மறுத்துவிட்டது. சட்டத்தையோ அரசின் முடிவையோ மாற்றக் கோருவது அரசியல் நோக்கம். அது பொதுநன்மையா என்று நீதிமன்றம் எடைபோட முடியாது என்றது. அந்த அறக்கட்டளையின் ஆய்வுப் பணி மட்டும் தனித்து நின்றிருந்தால் தேறியிருக்கும். ஒரு நோக்கம் தவறினாலும் முழு அறக்கட்டளையும் விழுந்துவிடும்.

இங்கிலாந்து 2006-இலும் ஆஸ்திரேலியா 2013-இலும் மனித உரிமையைச் சட்டத்திலேயே அறநோக்கமாகச் சேர்த்துவிட்டன. மலேசியாவில் அறநிறுவனங்களுக்கெனத் தனிச் சட்டமே இல்லை. இங்கும் சேர்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. மனித உரிமை விழிப்புணர்வை வளர்க்கவே நாடாளுமன்றம் 1999-இல் சட்டம் இயற்றி, மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாகாமை அமைத்தது. அரசு செய்தால் பொதுநன்மை, தோட்டத்துப் பிள்ளைகள் செய்தால் அரசியலா? இந்த நாட்டிலேயே பிறந்து, பால்மரம் வெட்டி முதுமையடைந்த பின்னும் குடியுரிமையில்லாத சிவப்பு அடையாள அட்டையோடு நிற்கும் பாட்டிக்கு அரிசி கொடுத்தால் அறம், குடிமக்களுக்கான நீல அட்டை கேட்டுக் கொடுத்தால் அறமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்றைய நிலையில், ‘மனித உரிமை மேம்பாடு’ என்ற பொத்தாம்பொதுவான வரியை மட்டும் நம்ப வேண்டாம். ஏழைகளுக்கு இலவச ஆவண உதவி, கூட்டரசு அரசமைப்பும் தொழிலாளர் சட்டங்களும் தரும் உரிமைகள் பற்றிய வகுப்பு, தோட்டக் குடியிருப்பு நிலை பற்றிய ஆய்வு எனச் செய்யப்போவதை அப்படியே எழுதுங்கள். எழுதியதை மட்டுமே செய்யுங்கள். சட்டத் திருத்தம் கோரும் பிரச்சாரமும் முக்கியம் என்றால், அதற்கு வரிவிலக்கு கேட்காத தனி அமைப்பும் தனி வங்கிக் கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள். விதிகளைப் பின்னர் திருத்தவும் சங்கப் பதிவாளரின் ஒப்புதல் வேண்டும். ஆகவே பதிவு விண்ணப்பத்தை அனுப்புமுன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.