டக்சிடோ என்று சொல்லி விற்பதெல்லாம் டக்சிடோ அல்ல

கேள்வி: மகனின் ரிசப்ஷனுக்கு டக்சிடோ எடுக்கிறோம். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? கோட்-சூட்டுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

பதில்: அது ஊர்ப் பெயர். நியூயார்க் நகரத்துக்கு வடமேற்கே உள்ள டக்சிடோ பார்க்கில், புகையிலை வணிகக் குடும்பத்தின் பியர் லோரிலார்ட் 1886-இல் ஒரு கிளப் தொடங்கினார். மாலை விருந்து என்றால் பின்னால் வால் தொங்கும் கோட்டுதான் என்றிருந்த காலம் அது. அந்த கிளப்காரர்கள் வாலில்லாத குட்டைக் கோட்டில் வரத் தொடங்க, ஊரின் பெயர் உடுப்புக்கு ஒட்டிக்கொண்டது. ஊர்ப் பெயரின் வேர் அங்கு வாழ்ந்த லெனாப்பே பழங்குடியினரின் மொழி. ‘ஓநாய்’ என்றும் ‘வளைந்த ஆறு’ என்றும் இருவிதமாகப் பொருள் சொல்கிறார்கள். கோட்டு பிறந்ததோ இங்கிலாந்தில். அங்கே அதன் பெயர் டின்னர் ஜாக்கெட். பிரான்சிலும் ஜெர்மனியிலும் ‘ஸ்மோக்கிங்’.

கடையில் இந்த ஐந்து இடங்களைப் பாருங்கள். லேப்பல் (கோட்டின் மார்பில் மடித்துவிட்ட பகுதி) மீது சாட்டின் அல்லது வரிப்பட்டு இருக்க வேண்டும். பட்டன்கள் துணி போர்த்தியவை. பேன்ட்டின் வெளித் தையல் நெடுக ஒரு பட்டுப்பட்டை ஓடும். பெல்ட் மாட்டும் வளையம் இருக்காது. கோட்டுப் பைகளுக்கு மூடி கிடையாது. லேப்பல் மட்டும் பளபளத்து, பேன்ட் சாதாரணமாக இருந்தால் அது சாட்டின் தைத்த சூட். டக்சிடோ விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: கறுப்பா, கருநீலமா?

பதில்: இரண்டும் முறையானவையே. மின்விளக்கில் கருநீலம் இன்னும் ஆழமாகத் தெரியும்.

கேள்வி: ‘சூப்பர் 120, சுத்தக் கம்பளி’ என்று சொல்லி 18,000 ரூபாய் வாங்கினார்கள். முதல் ட்ரை கிளீனிங்கிலேயே மார்புப் பகுதி கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லைக் காட்டுகிறார்கள்.

பதில்: தவறு உங்களுடையதல்ல. உங்கள் கோட்டின் உள்துணி பசையால் ஒட்டப்பட்டது. மட்டமான பசை வெப்பத்திலும் சலவைக் கரைப்பானிலும் விட்டுப்போகும்; வெளித்துணி தனியே உப்பும். பசையில்லாமல் தைத்துப் பொருத்திய கான்வாஸ் உள்துணியில் இது நேராது. வாங்கும்முன் கீழ்ப் பட்டன் ஓட்டைக்குக் கீழே இரு பக்கத் துணியையும் விரலால் கிள்ளிப் பிரித்துப் பாருங்கள். நடுவே மூன்றாவதாக ஒரு அடுக்கு தனியே நழுவினால் கான்வாஸ்.

‘சூப்பர்’ எண்ணை நம்பி ஏமாறுவோர் ஏராளம். அது இழையின் மென்மையை மட்டுமே சொல்லும்: சூப்பர் 100 என்றால் இழையின் தடிமன் 18.75 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போகக்கூடாது, 120 என்றால் 17.75. தையலின் தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. எண் ஏற ஏறத் துணி நொய்மையாகவும் ஆகும். கம்பளிதானா என்றறிய, உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடையோடு பொடியாகும் சாம்பல் கம்பளி. உருகிக் கெட்டி மணியாக இறுகினால் பாலியெஸ்டர்.

அந்தப் பில் வாசகத்துக்கு அஞ்ச வேண்டாம். பில்லில் காலக்கெடு இல்லாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அந்த 30 நாள் கடந்திருந்தாலும் வழக்குத் தொடர 2 ஆண்டு அவகாசம் உண்டு. கோட்டைப் படமெடுங்கள், சலவை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

கேள்வி: டக்சிடோவோடு இடுப்பில் சுற்றும் கமர்பந்தின் மடிப்பு மேல்நோக்கியா, கீழ்நோக்கியா?

பதில்: மேல்நோக்கி. ‘இடுப்புக் கட்டு’ என்ற பாரசீகச் சொல் அது. இந்தியாவிலிருந்து ஆங்கிலேயர் கொண்டுபோனது. கமர்பந்து கட்டினால் வெயிஸ்ட்கோட் வேண்டாம்.

கேள்வி: வாடகைக் கோட்டு விசேஷத்துக்கு முந்தைய நாள் வந்தது. தோள் பெரிது, கை நீளம். போட்டுப் பார்த்து எடுக்கவில்லை. பணம் திரும்புமா?

பதில்: கடைக்காரர்கள் எழுதித் தந்த அளவும் வந்த கோட்டின் அளவும் ஒன்றென்றால் திரும்பாது. ஒரு டேப் எடுத்து அளக்க ஐந்து நிமிடம் போதும். அதைக்கூடச் செய்யாமல் கடைமேல் குறை சொல்வதை ஏற்க முடியவில்லை. கையின் நீளத்தைக் குறைத்துவிடலாம், தோளைத் தொட முடியாது. ‘டெய்லர் சரிசெய்வார்’ என்ற பேச்சை நம்பி நானும் தோளில் அரை அங்குலம் அகலமான கோட்டை வாங்கினேன். மூன்று டெய்லர்கள் கைவிரித்துவிட்டார்கள். தோள் தையல் எலும்பின் முனையில் முடிய வேண்டும், சட்டைக் கை அரை அங்குலம் வெளியே தெரிய வேண்டும். பத்து நாள் முன்பே போட்டுப் பாருங்கள்.

கேள்வி: காலை நிகழ்ச்சிக்கு டக்சிடோ போடலாமா?

பதில்: வேண்டாம். அது மாலை ஆறு மணிக்கு மேல் உடுத்துவது. காலைக்குச் சாதாரண சூட் போதும், செலவும் குறையும்.