பிள்ளைக்காம்பராவில் சாப்பிடும் பிள்ளை வீட்டில் ஏன் வாயை மூடுகிறான்?

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகனுக்கு மூன்றரை வயசு. நான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைக்காம்பராவில (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில) விட்டுட்டுப் போவேன். அங்க மத்தப் பிள்ளைகளோட உக்காந்து சோறு, பருப்பு எல்லாம் சாப்பிடுறான்னு மிஸ் சொல்றாங்க. வீட்டுல ராவைக்கு நாலு வாய்க்கு மேல இறங்காது. அம்மாயி தட்டைத் தூக்கிக்கிட்டு லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) சுத்தி வருவாங்க. போன்ல கார்ட்டூன் போட்டா கொஞ்சம் போகும். கீரைன்னா துப்பிடுவான். தின்னா பிஸ்கட் தாரேன்னும் சொல்லியாச்சு, அடிச்சும் பாத்தாச்சு. பசி மருந்து ஏதும் குடுக்கலாமா?"

காம்பராவில் சாப்பிடுகிறான் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. பசிக்கிறது, மெல்லத் தெரிகிறது, பருப்பும் பிடிக்கிறது. அங்கே அவன் வாயை யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பக்கத்துப் பிள்ளை அள்ளித் தின்கிறது, இவனும் தின்கிறான். வீட்டில் ஒரு வாய் சோற்றுக்கு மூன்று பேர் காவல்.

உங்கள் பயத்தை நான் தட்டிக்கழிக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வுப்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 பேர். இப்படிப்பட்ட இடத்தில் "பசித்தால் தானே தின்பான்" என்று கையைக் கட்டிக்கொண்டிருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் திணித்தால் கூடுதலாக இறங்கும் என்பதும் நடப்பதில்லை. 2006இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு சூப் கொடுத்துப் பார்த்தார்கள். "குடித்து முடி" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்த சூப்பைப் பிள்ளைகள் குறைவாகக் குடித்தார்கள், அதைப் பற்றிக் குறையும் அதிகம் சொன்னார்கள். ஒன்றுமே சொல்லாமல் வைத்த சூப் கூடுதலாக இறங்கியது.

இன்னொன்று. முதல் வருடத்தில் பிள்ளையின் எடை பிறந்தபோது இருந்ததைப்போல் மூன்று மடங்காகும். இரண்டு வயதுக்குப் பிறகு வருடத்துக்கு 2 கிலோ அளவில்தான் கூடும். பசியும் அதற்கேற்பக் குறையும். இதைத்தான் வீட்டில் "கண்ணூறு பட்டிருச்சு" என்கிறோம்.

இனி அந்திப் பொழுதுக்கு வருவோம். காம்பராவிலிருந்து வந்ததும் சீனி போட்ட தேத்தண்ணி, இரண்டு பிஸ்கட், அப்புறம் பக்கத்து வீட்டில் கொடுத்த முறுக்கு, ஏழரைக்குச் சோறு. இதுதான் வழக்கமென்றால் அவனுக்குப் பசிக்க நேரமே இல்லை. வந்தவுடன் உண்மையான சாப்பாடு ஒன்று கொடுங்கள்: அவித்த உருளைக்கிழங்கு, கடலை, தேங்காய்ப்பூ போட்ட ரொட்டித் துண்டு, முடிந்த நாளில் முட்டை. அதன்பிறகு சோறு வரைக்கும் தண்ணீர் மட்டும். தேத்தண்ணியை இந்த வயதில் விட்டுவிடுவதே நல்லது. தேயிலைச் சாயம் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. நாள் முழுக்கக் கொழுந்து பறித்து வந்தவரிடம் இதைச் சொல்ல எனக்கே ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

ராச் சாப்பாட்டில் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் சொன்ன வழி இது: என்ன கொடுப்பது, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர் முடிவுசெய்ய வேண்டும், எவ்வளவு தின்பது என்பதைப் பிள்ளை முடிவுசெய்யும். நம் ஊருக்கு இதில் நான் ஒன்றைக் கூட்டுவேன். அளவு அவன் கையில் என்பதால், உள்ளே போகும் கொஞ்சம் கனமானதாக இருக்கட்டும். பருப்பைத் தண்ணியாக விடாமல் கெட்டியாகப் பிசைந்து ஒரு கரண்டி தேங்காய்ப்பால் விடுங்கள். நெத்தலிக் கருவாட்டை வறுத்து இடித்து வைத்துக்கொண்டால் ஒரு சிட்டிகை தூவலாம். கருவாட்டிலேயே உப்பு இருப்பதால் வேறு உப்பு வேண்டாம்.

முதலில் சின்ன உருண்டை நாலைந்து வையுங்கள், கேட்டால் இன்னும் போடலாம். நீங்களும் அதே நேரம் அதே சோற்றைச் சாப்பிடுங்கள். போன் வேறிடத்தில் கிடக்கட்டும். கார்ட்டூன் பார்க்கும் பிள்ளை வயிறு நிறைந்ததையும் கவனிக்காது, வாயில் என்ன போகிறது என்பதையும் கவனிக்காது. அரை மணித்தியாலம் ஆனதும் ஏசாமல் தட்டை எடுத்துவிடுங்கள்.

அம்மாயியிடம் "ஊட்டாதீங்க" என்று சொல்லிவிடாதீர்கள். ஊட்டுவது பாசம், மூன்றரை வயதுப் பிள்ளைக்கு அதில் குற்றம் இல்லை. அவன் தலையைத் திருப்பிய பிறகும் வாய்க்குள் தள்ளுவதுதான் கூடாது. அவரையும் பாயில் உட்காரவைத்து அவனோடு சேர்ந்து சாப்பிடச் சொல்லுங்கள். லயத்தைச் சுற்றி ஓடுவதைவிட அவர் முழங்காலுக்கும் அது நல்லது.

கீரைக்கு பிஸ்கட் லஞ்சம் கொடுத்தால் கீரை தண்டனையாகவும் பிஸ்கட் பரிசாகவும் அவன் மனதில் பதிந்துவிடும். புது ருசியைப் பிள்ளை ஏற்க எட்டு, பத்துத் தடவை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். நாம் மூன்றாவது தடவையோடு விட்டுவிடுகிறோம். வல்லாரைச் சம்பலோ பொன்னாங்கண்ணி வறையோ, நகக்கண் அளவு தட்டு ஓரத்தில் வைத்துவிட்டு அதைப் பற்றிப் பேசாதீர்கள். துப்பினால் துடைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி வையுங்கள். கரட், போஞ்சி பிடித்தால் இப்போதைக்கு அதுவே போதும். அடியை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். தட்டைக் கண்டாலே பயப்படும் பிள்ளைக்குப் பசி எடுக்காது.

முதல் வாரம் இன்னும் குறைவாகத் தின்னலாம், அழலாம். அந்த நாட்களில் இரக்கப்பட்டு எட்டு மணிக்கு பிஸ்கட் கொடுத்தால் எல்லாம் பழையபடியாகிவிடும்.

பசி மருந்தை பாமசியில் நீங்களாக வாங்க வேண்டாம். அந்தப் பெயரில் விற்கும் சிலவற்றில் இருப்பது ஒவ்வாமைக்கான மருந்து, பிள்ளையைத் தூங்கவைக்கும். அதற்குப் பதிலாகக் கிளினிக் புத்தகத்தை எடுத்து எடைக்கோட்டைப் பாருங்கள். கோடு ஏறிக்கொண்டே வந்தால் மேலே சொன்னவை போதும். இரண்டு மூன்று மாதம் அந்தக் கோடு ஏறாமல் படுத்தே கிடந்தாலோ இறங்கினாலோ மிட்வைஃப் மிஸ்ஸிடம் காட்டுங்கள். திரிபோஷா (அரசு தரும் சத்துமா) கொடுப்பதா, பூச்சி மருந்து கொடுப்பதா, இரத்தம் பார்ப்பதா என்று அங்கே சொல்வார்கள். மண், பச்சை அரிசி, சுவர்ச் சுண்ணாம்பு தின்கிறானா, முகம் வெளுத்திருக்கிறதா, விழுங்கும்போது புரையேறுகிறதா என்றும் கவனியுங்கள். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அடுத்த கிளினிக் நாள் வரைக்கும் காத்திருக்காமல் டொக்டரிடம் கொண்டுபோங்கள்.