பின்னால் போகும் சீட் முன்னால் வரவில்லை என்றால்

மோட்டாரை இப்போதைக்கு மாற்றாதீர்கள், பட்டறையில் என்ன சொல்லியிருந்தாலும் சரி. காரில் மோட்டாரால் நகரும் ஓட்டுநர் சீட் பின்னால் போகிறது, முன்னால் மட்டும் வரவில்லை என்கிறீர்கள். இரண்டு பக்கமும் நகர்த்துவது ஒரே மோட்டார்தான். சுவிட்ச் மின்சாரத்தின் திசையைத்தான் மாற்றுகிறது. ஒரு பக்கம் ஓடுகிறதென்றால் ஃபியூசும் மோட்டாரும் பெரும்பாலும் நலம். என் சந்தேகம் சுவிட்சுக்குள் மின்சாரத்தை இணைக்கும் தொடுமுனை மேல். சுங்கை சிப்புட் தோட்டத்து மண்சாலையில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால் தூசி வேறெங்கே போகும்?

பார்க்கும் வழி: மோட்டார் கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்பக்கமாக, மோட்டாருக்குப் போகும் இரண்டு வயர்களிலும் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வையுங்கள். ஒருவரை சீட் சுவிட்சை முன்பக்கம் அழுத்தச் சொல்லுங்கள். சுமார் 12 வோல்ட் வராவிட்டால் சுவிட்ச்தான், அல்லது அதிலிருந்து வரும் வயர். வோல்ட் வந்தும் மோட்டார் முனகி நின்றால் சீட் நகரும் தண்டவாளத்தில் ஏதோ சிக்கியிருக்கலாம். டார்ச் அடித்துப் பாருங்கள், 20 சென் காசாகக்கூட இருக்கும்.

மஞ்சள் கனெக்டரில் மட்டும் மீட்டரை வைக்காதீர்கள். அது ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டது, ஏர்பேக் வெடித்துவிடலாம்.

அப்புறம், உட்காரும் நிலையை நினைவில் வைக்கும் மெமரி சீட் என்றால் சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் நடுவில் கண்ட்ரோல் யூனிட் இருக்கும். இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. காரின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் வயர்மேனிடம் காட்டுங்கள்.